முதலில் பிசகியது தறிச் சத்தம்: குடியாத்தம் நெசவாளர் ஒருவரின் சிறுமூளை

குடியாத்தத்தில் குழித்தறி நெய்கிற ஒருவர், வயது 44. நடக்கும்போது தள்ளுகிறது, பேச்சு குழறுகிறது என்று பிசியோதெரபிக்காக என்னிடம் வந்தார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் நான்கு வருடத்துச் சீட்டுகள். சத்து ஊசி, தலைசுற்றல் மாத்திரை, கழுத்து எலும்பு எக்ஸ்ரே, மறுபடியும் சத்து ஊசி. மூன்று சீட்டுகளில் ஒரே குறிப்பு: குடிப்பழக்கம். அவர் குடிப்பதே இல்லை. வாலிபத்தில் கல்யாண வீடுகளில் எப்போதாவது குடித்ததோடு சரி.

அவரும் வீட்டாரும் சம்மதம் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விஷயங்களை மாற்றிவிட்டேன், நோயின் விவரங்களை மாற்றவில்லை. இவ்வளவு நீளமாக எழுதக் காரணம், இவருக்கு வந்தது நம் பக்கத்துக்குப் புதிய நோய் இல்லை. நடையைப் பொறுமையாகப் பார்த்து, அப்பா எப்படி நடந்தார் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் முதல் வருடமே பிடித்திருக்கலாம்.

முதலில் நடந்தது என்ன

'எப்போதிருந்து?' என்று கேட்டதற்கு அவர் இரண்டு வருடம் என்றார். அவர் மனைவி குறுக்கிட்டு, 'இல்ல சார், நாலு வருஷம் ஆவுது. இவருக்கு நட தள்ளுறதுக்கு முன்னாடியே தறி சத்தம் மாறிப்போச்சு' என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதினெட்டு வருடம் அடுப்படியிலிருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டவர் அவர். ஒரே சீராக விழுந்துகொண்டிருந்த அடி நடுநடுவே தயங்க ஆரம்பித்ததாம், இரண்டு அடி நெருங்கி விழும், அடுத்தது தாமதிக்கும். அப்புறம் லுங்கியின் ஓரம் நேராக வரவில்லை, சில இடத்தில் இறுகியும் சில இடத்தில் தளர்ந்தும் போனது. பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) கொடுக்கிற முதலாளி இரண்டு தடவை துணியைத் திருப்பி அனுப்பினார். வேலையில் கவனம் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அவரும் அப்படியே நினைத்தார்.

இதை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போய்த் தறியில் உட்காரச் சொன்னேன். நெய்தல் என்பது நான்கு வேலை ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்று ஓடுவது. ஒரு கால் மிதியை அமுக்கும்போது பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறக்கும், அந்த நொடியில் வலது கை கயிற்றைச் சுண்ட நாடா (ஊடை என்கிற குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டை) இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடும், ஓடி முடித்ததும் இடது கை முன்னால் தொங்கும் சட்டத்தை இழுத்து ஊடையை அடிக்கும், அதற்குள் மறு கால் அடுத்த மிதிக்குப் போயிருக்க வேண்டும். பழகிய நெசவாளர் இதில் எதையும் யோசித்துச் செய்வதில்லை. இவர் யோசித்துச் செய்தார். கால் முடித்த பிறகு கை, கை முடித்த பிறகு கால். வலது கை சுண்டிய விசை ஒரு தடவை அதிகமாகி நாடா அந்தப் பக்கம் மோதித் திரும்பியது, அடுத்த தடவை பாதி வழியிலேயே நின்றது. கையிலோ காலிலோ பலம் ஒரு துளியும் குறையவில்லை. வேகத்தையும் விசையையும் நேரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற கணக்குதான் போயிருந்தது.

சிறுமூளை கெட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பாடத்தில் சொல்லிக் கொடுத்ததைவிட அந்தப் பத்து நிமிடம் கூடுதலாகச் சொல்லிக் கொடுத்தது.

அந்த வருடம் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில், நெரிசலில் யாரோ தோளில் இடிக்க, இவர் சமாளிக்க முடியாமல் விழுந்திருக்கிறார். தூக்கிவிட்டவர்களே 'அம்மன் ஊர்வலத்துல குடிச்சிட்டு வந்து நிக்கிறான் பாரு' என்று சொல்லியிருக்கிறார்கள். மகள் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அதற்கப்புறம் அவர் கோயிலுக்கும் போகவில்லை, டீக்கடைக்கும் போகவில்லை, தெருவில் யாராவது எதிரே வந்தால் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். இதையும் நோய்க்குறிப்பில் எழுதி வைத்தேன், வைத்தியம் இதற்கும் சேர்த்துத்தான்.

பரிசோதனையில் கண்டது

கால்களை அகட்டி வைத்து நடந்தார். திரும்பச் சொன்னால் மூன்று நான்கு சிறு அடிகளாகத் திரும்பினார், நடுவில் ஒரு தடவை சுவரைத் தொட்டார். குதிகாலோடு விரல் ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொன்னதில் இரண்டாவது அடியிலேயே சாய்ந்தார். பாதங்களை ஒட்டி வைத்து நிற்கவே முடியவில்லை. அகட்டி நின்றபோது கண் திறந்திருந்தாலும் ஆடினார், மூடினாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் ஆடினார். கண்ணை மூடியதும் ஆட்டம் தடாலென்று கூடினால் பாதத்திலிருந்து வரும் உணர்வு நரம்புகளையும் தண்டுவடத்தையும் சந்தேகப்பட வேண்டும். இங்கே கண் திறந்திருக்கும்போதே ஆட்டம். இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைத்துப் பார்த்தேன், அதிர்வு நன்றாகத் தெரிந்தது.

என் விரலையும் அவர் மூக்கையும் மாற்றி மாற்றித் தொடச் சொன்னபோது கை புறப்பட்டதும் சரியாக இருந்தது, இலக்கை நெருங்க நெருங்க நடுங்கியது. உள்ளங்கையையும் புறங்கையையும் தொடையில் மாற்றி மாற்றித் தட்டச் சொன்னால் தாளம் இல்லை. குதிகாலை முழங்காலில் வைத்துக் கணுக்கால் வரை இழுக்கச் சொன்னால் வழி நெடுக நழுவியது. பேச்சு புரிந்தது, ஆனால் ஒவ்வொரு அசையும் தனித்தனியாக, ஒன்று உரத்தும் ஒன்று தேய்ந்தும் வந்தது. கண்கள் ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குத் தாவும்போது இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பின. தாவும் வேகம் குறையவில்லை. முழங்கால் அனிச்சை தட்டியதும் துள்ளியது. இந்தக் கடைசி இரண்டையும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தத் தடுமாற்றத்தை அளக்கும் சாரா என்ற அளவுகோலில் மதிப்பெண் போட்டேன். எட்டு சோதனைகள், மொத்தம் 40, கூடக் கூட மோசம். நடை 4, நிற்பது 3, உட்காருவது 1, பேச்சு 2, விரலைத் துரத்துவது 1, மூக்கு விரல் 1, கை மாற்றித் தட்டுவது 2, குதிகால் இழுப்பது 2. ஆக 16.

பழுது எங்கே

தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே, பெருமூளைக்கு அடியில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பது சிறுமூளை. எடை சுமார் 150 கிராம், மூளையின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆனால் 2009-ல் பிரேசில் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்ததில், மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி இந்தச் சின்ன இடத்தில்தான் இருந்தன. நெருக்கி மடித்த புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருப்பதால்தான் அத்தனையும் உள்ளே அடங்குகிறது.

நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் குறுகிய பகுதிக்கு வெர்மிஸ் என்று பெயர், லத்தீனில் புழு. மடிப்பு மடிப்பாக நெளிந்து கிடப்பதால் அப்படி வைத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் அரைக்கோளங்கள். கீழே, உள்காதின் சமநிலை நரம்புகளோடும் கண் அசைவோடும் பேசுகிற ஒரு சிறு மடல். உடம்பின் நடுப்பகுதியை, அதாவது முண்டம், நிற்பது, நடப்பது ஆகியவற்றை வெர்மிஸ் பார்த்துக்கொள்கிறது. கை கால்களை அதற்கு வெளிப்புறமுள்ள பகுதிகள் பார்க்கின்றன. அதனால் வெர்மிஸ் மட்டும் கெட்டால், படுத்துக்கொண்டு மூக்கைச் சரியாகத் தொடுகிற ஆள் எழுந்து நின்றதும் சாய்வார். அரைக்கோளம் ஒன்று கெட்டால் அதே பக்கத்துக் கை கால் தடுமாறும். பெருமூளையில் வலது கெட்டால் இடது பாதிக்கும், சிறுமூளையில் அப்படியில்லை, போகும் வழியில் நரம்புகள் இரண்டு தடவை குறுக்கே தாண்டுவதால் பக்கம் மாறுவதில்லை. முதல் உலகப் போரில் பிடரியில் குண்டு பாய்ந்த சிப்பாய்களை வரிசையாகப் பார்த்து இதையெல்லாம் துல்லியமாக எழுதி வைத்தவர் கார்டன் ஹோம்ஸ் என்ற, அயர்லாந்தில் பிறந்த பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர். 1917-ல் அவர் எழுதிய வரிசையில்தான் இன்றைக்கும் நாம் மூக்கையும் விரலையும் தொடச் சொல்கிறோம்.

இங்கே குடிப் பேச்சுக்கு வர வேண்டும். நெடுங்காலக் குடி வெர்மிஸின் மேல் முன்பகுதியை உண்மையாகவே அரிக்கும். அப்படிப்பட்டவர் கால்களை அகட்டி, தள்ளாடித்தான் நடப்பார். ஆகவே 'குடிப்பீர்களா?' என்று கேட்ட மருத்துவர்கள் கேட்டதில் தப்பில்லை. பதில் 'இல்லை' என்று வந்த பிறகும் அங்கேயே நின்றதுதான் தப்பு. குடியால் வருவதில் பெரும்பாலும் கால்தான் கெடும், கையும் பேச்சும் ஓரளவு தப்பிக்கும். இவருக்குக் கை, பேச்சு, கண் எல்லாமே போயிருந்தது. வெர்மிஸ் மட்டும் அரிபட்ட நடை இல்லை இது.

இன்னும் ஆழமாகப் பார்த்தால் கதை ஒரு வகை அணுவில் வந்து நிற்கிறது. 1837-ல் செக் நாட்டு விஞ்ஞானி பர்கின்ஜி விவரித்ததால் அதற்கு அவர் பெயரே வந்தது. தட்டையாக விரிந்த ஆலமரம் போன்ற கிளைகள், வரிசையாக நிற்கும். மனிதருக்குச் சுமார் ஒன்றரைக் கோடி பர்கின்ஜி அணுக்கள் உண்டு. ஒவ்வொன்றின் கிளைகளிலும் ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் மெல்லிய இழைகள் வந்து தொடுகின்றன: கால் எங்கே இருக்கிறது, கை எவ்வளவு நீண்டது, பெருமூளை என்ன கட்டளை போட்டது என்ற செய்திகள் எல்லாம். இவற்றோடு முகுளத்திலிருந்து ஒரே ஒரு தடித்த இழை கொடி மாதிரி அதன் மேல் சுற்றி ஏறுகிறது. 1969-ல் டேவிட் மார், 1971-ல் ஜேம்ஸ் ஆல்பஸ் இருவரும் முன்வைத்த கருத்துப்படி இந்தச் சுற்று ஒரு பாடசாலை. ஆல்பஸ் சொன்னது, கொடி இழை 'இப்போது செய்தது பிசகு' என்று தட்டும், தட்டிய நேரத்தில் வேலை செய்துகொண்டிருந்த மெல்லிய இழைகளின் தொடுப்பு வலுவிழக்கும். அப்படி வலுவிழப்பதை ஜப்பானின் மசாவோ இட்டோ 1982-ல் சோதனையில் காட்டினார். இதுவே முழுக்கதை இல்லை என்று பின்னால் தெரிந்தது, ஆனாலும் அடிப்படை இதுதான். பதினாறு வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நெசவு பழகியபோது, நாடா தவறிய ஒவ்வொரு தடவையும் இவருடைய சிறுமூளையில் நடந்ததும் இதுவே.

பர்கின்ஜி அணு வெளியே அனுப்புவது அடக்கும் செய்தி மட்டும். உள்ளே புதைந்திருக்கும் கருத்திரள்களை, முக்கியமாகப் பல்வரிசை போன்ற விளிம்புள்ள டென்டேட் கருவை, அது எப்போது விட வேண்டும் எப்போது அடக்க வேண்டும் என்று நொடியின் சிறு பங்குகளில் மாற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கருவிலிருந்துதான் பெருமூளைக்குச் செய்தி போகிறது. அணுக்கள் குறையக் குறைய இந்த அடக்குதல் தாளம் கெடும். கை நீள்வதற்குத் தடையில்லை, சரியான இடத்தில் நிறுத்த ஆள் இல்லாமல் போகும்.

வேலூரில் எடுத்த எம்ஆர்ஐயில் வெர்மிஸ் சுருங்கியிருந்தது, மடிப்புகளுக்கு இடையே கறுப்பு இடைவெளி தெரிந்தது, அரைக்கோளங்களிலும் அதே கதை. மூளைத்தண்டில் முன்பக்கம் வயிறு மாதிரி புடைத்திருக்க வேண்டிய பான்ஸ் தட்டையாகிப் போயிருந்தது. கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை, பழைய பக்கவாதத்தின் தழும்பு இல்லை. தைராய்டு, பி12 இரண்டும் சரியாக இருந்தன, வலிப்பு மாத்திரை சாப்பிட்ட சரித்திரமும் இல்லை (ஃபெனிடாயின் மாத்திரை நெடுநாள் அளவு மீறிப்போனால் இதே பர்கின்ஜி அணுக்களைத்தான் கெடுக்கும், அதனால் கேட்டே ஆக வேண்டும்). எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் விழவில்லை, சிறுநீர்ப் பிரச்சினை இல்லை. நான்கு வருடமாக மெல்ல மெல்ல வளர்கிற, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற நோய். அடுத்த கேள்வி குடும்பம்.

அப்பா எப்படி நடந்தார்

'எங்க நைனாவும் கடசீல இப்படித்தான் சார் நடந்தாரு' என்று அவரே சொன்னார், நான் கேட்டதும். நான்கு வருடத்தில் யாரும் கேட்கவில்லை. அவர் அப்பாவுக்கு ஐம்பதை ஒட்டித் தொடங்கியிருக்கிறது, தறியை விட்டு, கட்டிலோடு ஆகி, 58-ல் சளி கட்டி இறந்துபோனார். அவரையும் ஊர் குடிகாரர் என்றே சொல்லியிருக்கிறது. ஒரு பெரிய தாளை எடுத்து அவரையும் மனைவியையும் உட்கார வைத்துக் குடும்ப மரம் வரைந்தேன், ஒன்றரை மணி நேரம் ஆனது. பழைய வட ஆற்காடு முழுக்க நெசவுக்குடும்பங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் என்பதால் மரத்தின் கிளைகள் ஆரணிக்கும் குருவராஜப்பேட்டைக்கும் போயின, இப்போது அந்த ஊர்கள் வேறு வேறு மாவட்டங்கள். அப்பாவின் அக்கா ஒருவர், அவர் மகன் ஒருவர், இவருடைய தங்கை (36 வயது, 'படி இறங்க பயமா கீது' என்று ஒரு வருடமாகச் சொல்கிறாராம்). இரண்டு தலைமுறை, ஆணுக்கும் பெண்ணுக்கும், ஒரு தலைமுறையும் தாண்டாமல்.

இந்த வடிவம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து கெட்ட மரபணுவின் ஒரு பிரதி வந்தாலே போதும், நோய் வரும், ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. நம் பக்கம் மரபு நோய் என்றதும் 'சொந்தத்துல கட்டினீங்களா?' என்று கேட்டு, ஆமாம் என்றால் அதன் மேலேயே பழியைப் போட்டுவிடுவார்கள். இவர் கட்டியது மாமன் மகளைத்தான், இவர் மனைவி, அந்த அக்கா, பல வருடமாக அந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமந்துகொண்டிருந்தார். ஃபிரீட்ரைக் அட்டாக்சியா மாதிரி, இரண்டு பிரதியும் கெட்டால்தான் வரும் நோய்களுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். இதற்குப் பொருந்தாது. அன்னியத்தில் கட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இதை நான் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அட்டாக்சியா, அதாவது தசையில் பலம் இருந்தும் ஒருங்கிணைப்பு இல்லாமை, இப்படி மரபுவழி வருவதில் எஸ்சிஏ (ஸ்பைனோசெரிபெல்லார் அட்டாக்சியா) என்று எண் போட்டு அழைக்கும் வகைகள் நாற்பதுக்கும் மேல். இந்தியாவில் அதிகம் காண்பவை சில. எஸ்சிஏ 2 இருந்தால் கண்கள் தாவும் வேகமே குறைந்துபோகும், அனிச்சைகளும் பெரும்பாலும் மங்கும். இவருக்குக் கண் வேகம் சரி, அனிச்சை துள்ளல். தமிழ்நாட்டுக் குடும்பங்களில் எஸ்சிஏ 1 கூடுதலாகவே பதிவாகியிருக்கிறது. நரம்பியல் மருத்துவரும் அதையே முதல் சந்தேகமாக எழுதினார்.

எழுத்து எண்ணுகிற சோதனை

பையில் ஒரு பெரிய மரபணு அறிக்கையும் இருந்தது. முந்தைய வருடம் ஓரிடத்தில் எக்ஸோம் சோதனை (புரதத்துக்கான மரபணுப் பகுதிகளை மொத்தமாகப் படிப்பது) எடுத்திருக்கிறார்கள், நிறைய செலவு, ஒரு பாவின் கூலி இல்லை, பல மாதக் கூலி. 'காரணம் எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்ததை, மரபு நோய் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதைப் படிக்கும் மருத்துவர்களும் குடும்பங்களும் தயவுசெய்து கவனியுங்கள்: வழக்கமான எக்ஸோம் சோதனை மரபணுவைத் துண்டு துண்டாகப் படிக்கிறது, ஒரே எழுத்துக்கூட்டம் திரும்பத் திரும்ப நீள்வதை அது நம்பும்படி எண்ணாது. இந்த நோய்களில் பழுதே அந்த நீளம்தான். அதை எண்ணுவதற்குத் தனிச் சோதனை இருக்கிறது, பிசிஆர் முறையில், அந்தத் துண்டின் அளவைப் பார்ப்பது. அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

எஸ்சிஏ 1-ன் மரபணு 6-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது, பெயர் ஏடிஎக்ஸ்என்1. அமெரிக்காவில் ஹுதா ஜோக்பியும் ஹாரி ஓரும் தனித்தனி ஆய்வகங்களில் தேடி, 1993 ஏப்ரல் 8 அன்று இருவரும் ஒரே நாளில் அந்தப் பழுதைக் கண்டார்கள். மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து வருகிற இடம் ஒன்று. நம்மில் பெரும்பாலோருக்கு அது 35-க்குள் அடங்கும், 39-ஐ எட்டி இடையில் தடையே இல்லாமல் நீண்டால் நோய். அந்தத் தடை என்பது சி-ஏ-டி என்று நடுவில் புகுந்து நிற்கும் வேறு எழுத்து. தூண்களுக்கு நடுவே முட்டுக்கொடுத்த மாதிரி அது இருக்கும் வரை வரிசை அடுத்த தலைமுறைக்குப் போகையில் நழுவாமல் நிற்கிறது, அது தொலைந்தால் நகலெடுக்கும்போது வரிசை நீள்கிறது. அப்பாவிடமிருந்து வரும்போது நீளும் வாய்ப்பு அதிகம். நீண்டால் நோய் சீக்கிரம் தொடங்கும். அப்பாவுக்கு ஐம்பது, இவருக்கு நாற்பது என்ற கணக்கின் பின்னால் இது இருந்திருக்கலாம். அப்பாவின் ரத்தம் யாரும் எடுக்கவில்லை, ஆகவே அதை எண்ணால் சொல்ல வழியில்லை.

இவருடைய முடிவு: ஒரு பிரதியில் 29, இன்னொன்றில் 46.

ஒவ்வொரு சி-ஏ-ஜியும் புரதத்தில் ஒரு குளுட்டமைன். நீண்ட குளுட்டமைன் வாலோடு வரும் அட்டாக்சின் 1 புரதத்தைப் பர்கின்ஜி அணு சுத்தம் செய்து தள்ள முடிவதில்லை, அது உட்கருவில் தேங்கி, கபிகுவா என்ற இன்னொரு புரதத்தோடு கூடி, மற்ற மரபணுக்களின் வேலையைக் கெடுக்கிறது. அந்தப் புரதம் பல அணுக்களில் இருந்தாலும் சிறுமூளையும் மூளைத்தண்டும் முதலில் அடிபடுகின்றன. எலிகளில் இந்தக் கெட்ட மரபணுவை நுழைத்து நோய் வரவைத்து, பிறகு அதை அணைத்துப் பார்த்தார்கள். 2004-ல் வந்த அந்த முடிவை நான் இவருக்கு மெதுவாகப் படித்துச் சொன்னேன்: சீக்கிரம் அணைத்தால் எலிகள் நன்றாகத் தேறின, தாமதித்தால் ஓரளவு. அதற்கான மருந்துகள் மனிதரில் இன்னும் ஆரம்பக் கட்டச் சோதனையில்தான் இருக்கின்றன. இன்றைக்கு எஸ்சிஏ 1-ஐ நிறுத்துவதாக நிரூபித்த மாத்திரை கிடையாது, அதை விற்கிறேன் என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

பிள்ளைகள்

மகளுக்கு 19, வேலூரில் கல்லூரி. மகனுக்கு 15. முடிவு வந்த அன்றே அவர் 'அப்போ ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துரலாம் சார்' என்றார். எந்த அப்பாவும் அப்படித்தான் சொல்வார். மரபணு ஆலோசகர் அவரை உட்கார வைத்துப் பேசினார்: அறிகுறி இல்லாத, பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு இந்தச் சோதனை செய்வதில்லை. வைத்தியம் இல்லாத நோயின் விடையை ஒரு பையன் தலையில் அவன் கேட்காமலே கட்ட யாருக்கும் உரிமை இல்லை. மகள் வயது வந்தவள், அவளே முடிவெடுக்க வேண்டும், அப்பாவோ வரப்போகும் மாமியார் வீடோ இல்லை. கல்யாணப் பேச்சு வரும்போது இது ஊருக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் அந்த அக்காவின் முதல் பயம். அந்தப் பயம் நியாயமானது. அறிக்கை யார் கையில் இருக்க வேண்டும், யாரிடம் எப்போது சொல்வது, பின்னாளில் கருவில் சோதிக்கும் வழி சட்டப்படி இருக்கிறது என்பதையெல்லாம் ஆலோசகர் இரண்டு அமர்வுகளில் சொன்னார். ரத்தம் எடுப்பதற்கு முன் இந்தப் பேச்சு நடக்க வேண்டும். இவர் விஷயத்தில் பாதிதான் முன்னால் நடந்தது, மீதி முடிவு வந்த பிறகு. அதில் என் பங்கும் உண்டு, அவசரப்பட்டு அனுப்பிவிட்டேன்.

செய்தது, கிடைத்தது

வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், நான்கு வாரம், அப்புறம் வீட்டில் தினமும். ஜெர்மனியில் இல்க் குழு 2009-ல் வெளியிட்ட பயிற்சி முறையின் வரிசையைத்தான் பின்பற்றினேன்: முதலில் நின்று சமநிலை, பிறகு நகரும்போது சமநிலை, பிறகு விழப்போகும்போது அடி எடுத்து வைத்துத் தடுப்பது, பிறகு முண்டமும் தோளும். பழுதான சிறுமூளையும் கற்றுக்கொள்கிறது, மெதுவாக, நிறையத் தடவை செய்தால். முட்டி போட்டு நிமிர்ந்து பந்தை வாங்கி வைப்பது இவருக்குப் பிடித்திருந்தது. கண்ணை மூடி நிற்பது பிடிக்கவில்லை, திட்டிக்கொண்டே செய்தார்.

வீட்டில் திண்ணையிலிருந்து கழிப்பறை வரை இடுப்பு உயரத்தில் கயிறு கட்டினோம், பாவுக்கு முறுக்கும் கைகள் அதை அவரே இழுத்துக் கட்டின. தண்ணீர் குடித்தால் புரை ஏறியது, கேழ்வரகுக் கூழ் குடித்தால் ஏறவில்லை. மெல்லிய திரவம் தொண்டையில் வேகமாக ஓடிவிடுகிறது, கெட்டியானது காத்திருக்கிறது. தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, சிறு மிடறாகக் குடிக்கப் பழக்கினோம். அவர் அப்பா சளி கட்டி இறந்தது நினைவிருப்பதால் இதை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. வேலை விஷயத்தில் நிறைய அழுகை. கணக்கு வைப்பதிலும் நாள் திட்டம் போடுவதிலும் அவர் பின்தங்கியதை அக்கா கவனித்திருந்தார், சட்டென்று கோபமும் வந்தது. ஜெரமி ஷ்மாமன் 1998-ல் எழுதிய பிறகு, சிறுமூளை நோயில் இவையும் உண்டு என்று நமக்குத் தெரியும். அதை நோயின் பகுதி என்று சொன்னதிலேயே வீட்டில் சண்டை பாதியானது. தறியைத் தம்பி எடுத்துக்கொண்டார். இவர் குழிக்கு வெளியே உட்கார்ந்து மோட்டாரில் தார் (நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூல் கண்டு) சுற்றுகிறார், அதற்கு ஒரு கையும் பொறுமையும் போதும். சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீசுக்கு மூன்று தடவை அலைந்து மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினோம்.

மூன்று மாதத்தில் சாரா 13 ஆனது, நடையில் இரண்டு புள்ளி, நிற்பதில் ஒன்று. ஒரு வருடத்தில் 15. ஐரோப்பாவில் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில் எஸ்சிஏ 1 உள்ளவர்களுக்கு வருடத்துக்குச் சுமார் 2 புள்ளி ஏறியது, அதைப் பார்த்தால் நாங்கள் கொஞ்ச காலத்தை வாங்கியிருக்கிறோம். ஒருவரை வைத்து இதற்கு மேல் சொல்ல மாட்டேன். விழுவது மாதத்துக்கு ஐந்தாறு தடவையாக இருந்தது, இப்போது ஒன்று, சில மாதம் அதுவும் இல்லை.

இந்த வருடம் வைகாசி முதல் தேதி அவர் சிரசு பார்க்கப் போனார். வாக்கரோடு, ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் தம்பி, கூட்டம் சேரும் முன்பே ஒரு கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஒருவரிடம் 'எனக்கு சிறுமூள சுருங்கிப்போச்சு, குடியில்ல' என்று அவரே சொன்னதாக மகன் வந்து சொன்னான். தங்கைக்கு ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறோம், இந்தத் தடவை பேச்செல்லாம் முடித்த பிறகு. மகள் ஆலோசகரை ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, டிகிரி முடித்த பிறகு யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். குடும்ப மரத்தில் அவள் பெயருக்குக் கீழே இருக்கும் கட்டத்தை வெறுமையாகவே வைத்திருக்கிறேன்.